எழுபது பேர் ஜாமீன்

'சும்மா நீலிக் கண்ணீர் வடிக்காதே' என்று யாரையாவது என்றைக்காவது திட்டியிருக்கிறீர்களா? கட்டாயம் திட்டியிருப்பீர்கள். குறைந்தபட்சம் திட்டு வாங்கியாவது இருப்பீர்கள். சரி, அந்த நீலியின் விலாசம் தெரியுமா?

தெரியாவிட்டால் குறித்துக்கொள்ளுங்கள். பழையனூர், திருவாலங்காடு அருகில், திருவள்ளூர் மாவட்டம். சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால், திருவள்ளூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் திருவாலங்காடு ஸ்டேஷன் வரும். இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தால் கோயில். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான ரத்தின சபை இங்கேதான் இருக்கிறது. சரித்திரம் படித்தவர்களுக்கு இது செப்பேட்டு ஊர். 1905ல் கிடைத்த முப்பத்தியோரு ஏடுகள். சோழ வம்சத்தின் மொத்த ஜாதகத்தையும் அதில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ராஜேந்திர சோழன் அந்தச் செப்பேட்டின் மூலம் கோயிலுக்கு எழுதிக்கொடுத்த ஊர்தான் பழையனூர்.

இருக்கட்டும். இன்றைக்கு நமக்கு ராஜேந்திரன் வேண்டாம். நீலி போதும்.

கதைக்கு ஏகப்பட்ட வடிவங்கள் உண்டு. எலும்புக்கூட்டை மட்டும் சொல்கிறேன். ஒருவன் தன் மனைவியை ஆள் அரவமில்லாத இடத்துக்கு அழைத்துப் போய்க் கொன்றுவிட்டான். நகைக்காக என்பார்கள். செத்தவள் பேயானாள். கொன்றவன் அடுத்த பிறவியில் ஒரு வணிகனாகப் பிறந்து, வியாபார நிமித்தம் பழையனூர்ப் பக்கம் வந்தான். கள்ளிக் கட்டையைக் கைக்குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பெண் அவன் பின்னாலேயே அழுதபடி வந்தாள். 'இவர் என் புருஷன். என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகிறார்.'

பழையனூரில் வேளாளப் பெரியவர்கள் எழுபது பேர் கூடினார்கள். வணிகன் அலறினான். ஐயா, இவள் என் மனைவி இல்லை, பேய், என்னைக் கொல்லத்தான் வந்திருக்கிறாள். பெரியவர்கள் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். கண்ணில் தாரை தாரையாக நீர். குழந்தை வேறு அவனைப் பார்த்துக் கையை நீட்டுகிறது. தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். இவளுடன் இன்றிரவு தங்கு. உன் உயிருக்கு ஏதாவது ஆனால் எங்கள் எழுபது பேரின் உயிரும் ஜாமீன்.

அவனிடம் ஒரு கத்தி இருந்தது. 'கையில் ஆயுதம் வைத்திருக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது' என்றாள் நீலி. அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

விடிந்தபோது அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீ வளர்த்து இறங்கினார்கள்.

இது ஏதோ பாட்டி கதை என்று தள்ளிவிட முடியாது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தமது திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்தச் சம்பவத்தைத் தொட்டுக்காட்டுகிறார். ஆக, ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு மேலாகத் தமிழர்கள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிச் சொல்லி மிஞ்சியது இரண்டு விஷயங்கள். ஒன்று, எழுபது பேரின் புகழ். இன்னொன்று, பொய் அழுகைக்கு ஒரு பெண்ணின் பெயர்.

நான் பி.காம். படித்தவன். ஒரு கணக்கில் இரண்டாவது பதிவு மட்டும் இருந்து, அதற்குக் காரணமான முதல் பதிவைக் காணவில்லை என்றால் எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் நோட்டைத் தூக்கி ஜன்னல் வழியே எறிவார். நீலி கதையில் முதல் பதிவு என்ன? ஒரு பெண் கொலை செய்யப்பட்டாள். அதற்கு எந்த ஊரில் எத்தனை பேர் கூடினார்கள்? யார் ஜாமீன் நின்றார்கள்? கதையில் அப்படியொரு காட்சியே கிடையாது. மனுஷியாக இருந்தபோது அவளுக்கு ஒரு பஞ்சாயத்தும் கூடவில்லை. பேயாக வந்த பிறகுதான் அவள் பேச்சு எடுபட்டது. மொழிக்கு ஞாபகம் இருப்பது அவள் விட்ட கண்ணீர் மட்டும்தான்.

திருவாலங்காட்டுக்கு இன்னொரு பேயும் வந்து சேர்ந்தது. பேய் என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்ட ஒரு பெண். காரைக்கால் அம்மையார். கட்டிய கணவன் 'இவள் தெய்வம்' என்று காலில் விழுந்து விலகிப் போனதும், புனிதவதி சிவனிடம் கேட்டது என்ன தெரியுமா? இந்த அழகும் சதையும் எனக்கு இனி வேண்டாம், பேய் வடிவம் கொடு. கிடைத்தது. அதன்பின் கயிலைக்குத் தலையால் நடந்தார். கடைசியில் ஆலங்காட்டுச் சுடுகாட்டில், இறைவன் ஆடும் காலடியில் வந்து அமர்ந்தார். பக்தர்கள் இதில் பக்தியைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. நள்ளிரவில், ஊருக்கு வெளியே, தன்னந்தனியாக ஒரு பெண் நிம்மதியாக உட்கார்ந்திருக்க அவள் பேயாக மாற வேண்டியிருந்தது.

சரி, புராணத்தை இங்கேயே நிறுத்திவிட்டுச் சட்டத்துக்கு வருவோம்.

தெருவில், பேருந்தில், ரயிலில், திருவிழாவில் ஒரு பெண்ணைச் சீண்டினால் தண்டனை உண்டு என்பது புதிய விஷயமில்லை. மெக்காலே தலைமையிலான சட்டக் கமிஷன் 1837லேயே வரைவு எழுதி, 1860ல் நிறைவேறி, 1862 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. 354வது பிரிவு, கை வைத்தால். 509வது பிரிவு, வாயாலோ சைகையாலோ அவமதித்தால். 294வது பிரிவு, பொது இடத்தில் ஆபாசமாகப் பாடினாலோ நடந்துகொண்டாலோ. முதலாவதற்கு இரண்டு வருடம் வரை, இரண்டாவதற்கு ஒரு வருடம் வரை, மூன்றாவதற்கு மூன்று மாதம் வரை. இல்லாவிட்டால் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம்.

தண்டனையை விடுங்கள். அதில் இருந்த ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். பெண்ணின் 'மானத்துக்கு' பங்கம் விளைவிக்கும் எண்ணத்துடன் செய்திருந்தால்தான் குற்றம். அவள் உடம்புக்கு, அவள் நிம்மதிக்கு, அவள் சுதந்திரத்துக்கு என்றெல்லாம் இல்லை. மானம். அதாவது, அவளிடம் மானம் என்று ஒன்று இருந்ததா, அது கெட்டதா, கெடுக்கும் எண்ணத்தோடுதான் அவன் கையை நீட்டினானா என்றெல்லாம் கோர்ட்டில் விசாரணை நடக்கும்.

இது எந்த எல்லைக்குப் போயிற்று என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். பஞ்சாபில் ஏழரை மாதக் குழந்தை ஒன்றைச் சீரழித்துக் காயப்படுத்தினான் ஒருவன். உயர் நீதிமன்ற நீதிபதிகளில் பெரும்பான்மையினர் என்ன சொன்னார்கள்? அந்தக் குழந்தைக்கு மானம் என்னவென்று தெரிகிற வயது வரவில்லை, ஆகவே இந்தப் பிரிவின்படி குற்றமில்லை. 1966ல் உச்ச நீதிமன்றம்தான் அதை மாற்றி, பெண்ணாகப் பிறந்ததுமே அந்த மானம் அவளோடு பிறந்துவிடுகிறது என்று தீர்ப்பளித்தது. அங்கேயும் மூன்று நீதிபதிகளில் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை.

குழந்தை கதை அப்படி என்றால், கலெக்டர் அந்தஸ்துள்ளவர்கள் கதை? 1988 ஜூலையில் சண்டிகரில் ஒரு வீட்டு விருந்து. பஞ்சாப் போலீஸின் உச்சாணியில் இருந்த கே.பி.எஸ். கில் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார், பின்புறத்தில் தட்டினார் என்று ரூபன் தியோல் பஜாஜ் புகார் கொடுத்தார். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. சுற்றிலும் பெரிய மனிதர்கள், சாட்சிக்குப் பஞ்சமில்லை. ஆனால் உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. இதெல்லாம் சட்டம் தலையிடத் தேவையில்லாத அற்ப விஷயமாம். 1995ல் உச்ச நீதிமன்றம் வழக்கை உயிர்ப்பித்தது. 1996ல் தண்டனை. கடைசி முடிச்சு விழுந்தது 2005ல். பதினேழு வருடம்! ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கே பதினேழு வருடம் என்றால், மணவூரிலிருந்து காலேஜுக்குப் போகிற பெண்ணுக்கு எத்தனை வருடம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இந்தப் பின்னணியில்தான் 1998ம் வருடம் வருகிறது.

அந்த வருடம் ஜூலையில் சென்னையில் என்ன நடந்தது என்பது என் வயதுக்காரர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா. ஆட்டோவில் வந்த ஒரு இளைஞர் கூட்டம் நடுரோட்டில் அவரிடம் வம்பு செய்தது. அவர் கீழே விழுந்தார். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் சில நாள்கள் இருந்து, இறந்துபோனார். பட்டப்பகல், சென்னையின் நடுமத்தி, ஒரு கல்லூரி மாணவி. 'விளையாட்டுக்குச் செய்தது' என்று சொல்வதற்கு யாருக்கும் வாய் வரவில்லை. நகரம் முழுக்க மாணவிகள் தெருவில் இறங்கினார்கள்.

அப்போது நான் பி.காம். முதலாண்டு. திருவள்ளூரிலிருந்து தினமும் ரயில். அந்தச் செய்தி பேப்பரில் வந்துகொண்டிருந்த நாள்களில் ஒரு சாயங்காலம், மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் புறப்பட்ட வண்டியில் நல்ல கூட்டம். ஆவடி தாண்டியிருக்கும். 'கையை எடுய்யா' என்று ஒரு பெண்ணின் குரல். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கை வைத்தவனை அல்ல. அவளை.

அவன் நிதானமாகச் சொன்னான். 'கூட்டம்னா அப்படி இப்படித்தாம்மா இருக்கும். அவ்ளோ கஷ்டமா இருந்தா லேடீஸ்ல ஏற வேண்டியதுதானே?' ஒரு பெரியவர், 'விடும்மா, அடுத்த ஸ்டேஷன்ல பெட்டி மாறிக்க' என்றார். அவள் அழ ஆரம்பித்தாள். யாரோ ஒருவர், முகம் தெரியவில்லை, 'நீலிக் கண்ணீர்' என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

நான் என்ன செய்தேன்? ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒன்றும் இல்லை. இருட்டு. திருநின்றவூரில் அவள் இறங்கிப் போனாள்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்பது உங்களுக்குப் புரியும். அன்றைக்கு அந்தப் பெட்டியில் இருந்த எங்கள் எல்லோருக்கும் சரிகா ஷாவின் பெயர் தெரியும். ஐயோ பாவம் என்று பேசியும் இருந்தோம்.

சரி, சட்டம். மு. கருணாநிதி தலைமையிலான தி.மு.க. அரசு, மக்களின் கோபம் தணிவதற்கு முன்பே அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. பிறகு அதுவே சட்டமன்றத்தில் முறையான சட்டமானது. தமிழ்நாடு ஈவ் டீசிங் தடைச் சட்டம், 1998. இதற்கென்று தனியாக ஒரு சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு மட்டுமே என்று உச்ச நீதிமன்றமே பின்னாளில் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது.

பெயரைப் பார்த்தீர்களா? ஈவ் டீசிங். பைபிளின் ஏவாள். அவள்தான் ஆதாமைக் கனியைக் காட்டி மயக்கினாள் என்பது அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் நினைப்பு. டீசிங் என்றால் சீண்டல், கிண்டல். ஒரு கொலையில் முடிந்த சமாசாரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயரின் அர்த்தம், 'ஏவாளைக் கிண்டல் செய்தல்'. அந்தக் காலத்து சினிமாவில் கதாநாயகன் கதாநாயகியைத் துரத்தித் துரத்திப் பாடுவானே, அதற்கு வேண்டுமானால் பொருந்தும். 2002ல் ஒரு திருத்தம் கொண்டுவந்து இந்தப் பெயரை நீக்கினார்கள். அதன்பிறகு அது பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான தடைச் சட்டம். நம்முடைய செய்தித்தாள்களில் 'பெண் வன்கொடுமைத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கு' என்று படிக்கிறீர்களே, அது இதுதான்.

பெயரில் கோட்டை விட்டாலும் உள்ளே விஷயம் இருந்தது. ஒரு ஆணின் அநாகரிகமான செயல் ஒரு பெண்ணுக்கு மிரட்சி, பயம், வெட்கம், சங்கடம் இவற்றில் எதை உண்டாக்கினாலும், உண்டாக்கக்கூடியதாக இருந்தாலும் குற்றம் என்றது சட்டம். அதாவது, அவன் மனசில் என்ன எண்ணம் இருந்தது என்று மெக்காலே கேட்ட கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டது. கல்விக்கூடம், கோயில், பஸ் ஸ்டாப், சாலை, ரயில் நிலையம், தியேட்டர், பூங்கா, கடற்கரை, திருவிழா நடக்கும் இடம், பயணிகள் வாகனம் என்று இடங்களைப் பட்டியலும் போட்டது. அபராதத்துக்கு அது குறித்த தொகை பத்தாயிரம் ரூபாய். 1998ல் பத்தாயிரம் என்பது சின்னத் தொகை அல்ல.

என்னைக் கேட்டால், அந்தச் சட்டத்தின் உயிர் தண்டனையில் இல்லை. யாரும் அதிகம் பேசாத வேறு இரண்டு ஷரத்துகளில் இருக்கிறது. ஒன்று, அந்தந்த இடத்துக்குப் பொறுப்பானவர் யாரோ அவர், தியேட்டர் மேனேஜரோ கல்லூரி முதல்வரோ கோயில் அதிகாரியோ, தன் எல்லைக்குள் இது நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புகார் வந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு, ஓடுகிற பேருந்தில் ஒரு பெண் புகார் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் வண்டியை நேரே பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிச் செல்ல வேண்டும்.

புரிகிறதா? பாதிக்கப்பட்டவளுக்கும் செய்தவனுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு ஆளைச் சட்டம் கொண்டுவந்து நிறுத்துகிறது. நீ வேடிக்கை பார்க்க முடியாது, உனக்கு இதில் பொறுப்பு உண்டு என்கிறது. பழையனூர் எழுபது பேரை நான் நினைத்துக்கொண்டது இந்த இடத்தில்தான். அவர்கள் தப்பான ஆளுக்கு ஜாமீன் நின்றார்களோ, சரியான ஆளுக்கு நின்றார்களோ, அது வேறு வழக்கு. ஆனால் எங்களுக்கென்ன என்று ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.

இதில் இன்னொரு வேதனையையும் சொல்ல வேண்டும். யாருடைய மரணத்தால் இந்தச் சட்டம் பிறந்ததோ, அவருடைய வழக்கில் இதைப் பயன்படுத்த முடியாது. சம்பவம் நடந்த பிறகு வந்த சட்டத்தை வைத்து யாரையும் தண்டிக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 20வது பிரிவு சொல்கிறது. நியாயமான விதிதான்.

சட்டம் வந்து ஒரு வருடம் ஆகிறது. 1999 ஜூலை 9. தென்காசி. குற்றால சீசன். கூட்டத்தைச் சமாளிக்க வெளியூர்ப் போலீஸாரையெல்லாம் பந்தோபஸ்துக்கு அனுப்பியிருந்தார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஊருக்குப் போக ஒரு கணவனும் மனைவியும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு ஆள் வந்தான். குடித்திருந்தான். அந்தப் பெண்ணைத் தன்னோடு அனுப்பு, இல்லாவிட்டால் உன்மேல் கேஸ் போடுவேன் என்று கணவனை மிரட்டினான்.

கேஸ் போடுவேன் என்று எப்படிச் சொல்ல முடிந்தது? அவன் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரன்.

தம்பதி, அங்கே டியூட்டியில் இருந்த வேறு போலீஸாரிடம் ஓடிப்போய்ச் சொன்னார்கள். ஆளைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பரிசோதனை, துறை விசாரணை, 2000 ஜனவரியில் டிஸ்மிஸ். ஒரு பக்கம் இது. இன்னொரு பக்கம் கிரிமினல் வழக்கு, பழைய 509வது பிரிவோடு புதிய 1998 சட்டத்தையும் சேர்த்து. கோர்ட்டில் கணவனும் மனைவியும் ஏறினார்கள். பிறழ் சாட்சி ஆனார்கள். ஆள் விடுதலை.

ஏன் மாற்றிச் சொன்னார்கள்? தீர்ப்புகளில் அதற்கு விடை கிடையாது. ஆனால் கொஞ்சம் நம்மை அந்த இடத்தில் வைத்து யோசித்துப் பார்க்கலாம். சாதாரணக் குடும்பம். எதிரே நிற்பவன் போலீஸ். வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும். கூண்டில் ஏறினால், அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் உனக்கென்ன வேலை என்று கேட்பார்கள். ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பும். இரண்டு பேராகச் சேர்ந்து நின்ற இடத்திலேயே இப்படி என்றால், தனியாக நிற்கிறவள் எங்கே வாயைத் திறப்பாள்?

விடுதலையானவர் வேலையைத் திருப்பிக் கொடு என்று கேட்டார். உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. அரசுத் தரப்பு மேல்முறையீடு போய், கடைசியில் 2012 நவம்பர் 30ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், தீபக் மிஸ்ரா அடங்கிய பெஞ்ச் தீர்ப்பளித்தது. சாட்சிகள் பிறழ்ந்ததால் கிடைத்த விடுதலை, குற்றமற்றவர் என்ற கௌரவமான விடுதலை ஆகாது. டிஸ்மிஸ் செல்லும்.

அதோடு விடவில்லை. ஒரு போலீஸ்காரரின் வேலை பற்றிய வழக்கை வைத்துக்கொண்டு நாடு முழுமைக்கும் உத்தரவு போட்டார்கள். பஸ் நிலையம், ரயில் நிலையம், தியேட்டர், கடைத்தெரு, பூங்கா, கடற்கரை, வழிபாட்டுத்தலம் எல்லாவற்றிலும் சாதாரண உடையில் பெண் போலீஸ் வேண்டும். முக்கிய இடங்களில் கேமரா வேண்டும். மூன்று மாதத்துக்குள் பெண்களுக்கு உதவி தொலைபேசி எண் வேண்டும். எச்சரிக்கைப் பலகைகள் வேண்டும். ஓடும் வண்டியில் புகார் வந்தால் வண்டி போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும், போகாவிட்டால் பெர்மிட் ரத்து. கடைசியாக, வழியில் போகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு, பார்த்தால் போலீசுக்குச் சொல்லுங்கள். நம்ம ஊர் 1998 சட்டத்தின் அந்த இரண்டு ஷரத்துகளை எடுத்து இந்தியா முழுவதற்கும் விரித்த மாதிரி இருந்தது.

தீர்ப்பின் தேதியை மறுபடி பாருங்கள். நவம்பர் 30.

பதினாறு நாள் கழித்து, டிசம்பர் 16 இரவு, டெல்லியில் ஒரு இளம்பெண்ணும் அவளுடைய நண்பனும் சினிமா பார்த்துவிட்டு ஒரு தனியார் பஸ்ஸில் ஏறினார்கள்.

அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் அந்த இரவை இங்கே விவரிக்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். பஸ்ஸிலிருந்து வீசியெறியப்பட்டு இருவரும் ரோட்டோரம் கிடந்தபோது, வண்டிகள் வேகம் குறைத்து, பார்த்து, தாண்டிப் போயின. அந்த நண்பனே இதைப் பின்னால் தொலைக்காட்சியில் சொன்னார்.

நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் கமிட்டி போட்டார்கள். எண்பதாயிரம் யோசனைகள் வந்து குவிந்தன. இருபத்தொன்பது நாளில், 2013 ஜனவரி 23ம் தேதி அறிக்கையைக் கொடுத்துவிட்டது அந்தக் கமிட்டி. அரசாங்கக் கமிட்டிகளின் சரித்திரத்தில் இது ஒரு அதிசயம். அந்த வருடமே சட்டம் திருத்தப்பட்டது. பாலியல் சீண்டல், ஆடையைப் பறிப்பது, ஒளிந்திருந்து பார்ப்பது அல்லது படம் எடுப்பது, பின்தொடர்ந்து தொல்லை தருவது என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் குற்றமானது. 354க்குக் குறைந்தது ஒரு வருடம் சிறை நிச்சயம் என்றானது. அபராதம் மட்டும் கட்டிவிட்டுத் தப்பிக்கும் கதவு அந்தப் பிரிவில் மூடப்பட்டது. பெண்ணின் பின்னாலேயே போவதைக் காதல் என்று நினைத்துக்கொண்டிருந்த தேசத்தில் அதற்குப் பெயர் குற்றம் என்று எழுதி வைத்தது சாதாரண விஷயமில்லை.

2024 ஜூலை முதல் தேதி மெக்காலேவின் சட்டமே விடைபெற்றது. பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 354 இப்போது 74. பின்தொடர்தல் 78. பழைய 509 இப்போது 79. எண்கள் மாறின. ஆனால் நான் மேலே சொன்ன அந்த வார்த்தை இருக்கிறதே, மானம், அது மட்டும் 74லும் 79லும் நூற்று அறுபது வருடப் பழக்கத்தோடு பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் நம்முடைய 1998 சட்டத்தையும் திருத்தியது. செல்போன், இணையம் வழியே வரும் தொல்லையையும் சேர்த்து, தண்டனையையும் ஏற்றினார்கள். முந்தைய மாதம் சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையின் சூடு அது. கவனித்தீர்களா? 1998, 2013, 2025. ஒவ்வொரு முறையும் ஒரு பெண்ணின் கதைக்குப் பிறகுதான் காகிதம் நகர்ந்திருக்கிறது.

நடுவில் 2022ல் ஒரு சின்னத் திருத்தம் வந்தது. பெரிய தலைப்புச் செய்தி ஆகவில்லை. தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில், பேருந்தில் பெண்களை முறைப்பவன், விசிலடிப்பவன், கண்ணடிப்பவன், பாட்டுப் பாடுபவன் யாராக இருந்தாலும் கண்டக்டர் எச்சரிக்க வேண்டும், இறக்கிவிட வேண்டும், தேவைப்பட்டால் போலீசில் ஒப்படைக்க வேண்டும். உதவி செய்கிற சாக்கில் கண்டக்டரே கை வைத்தால் அவருக்கும் தண்டனை. அது வந்தபோது எல்லோரும் கண்ணடிப்பதற்கெல்லாம் ரூல் போடுகிறார்கள் பார் என்று கிண்டல் செய்தார்கள். எனக்கென்னவோ அந்த எழுபது பேரில் ஒருவருக்கு யூனிபார்ம் மாட்டிவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் நிஜத்தில் ஒரு கண்டக்டர் வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுவாரா? டிரிப் கெட்டுப்போகும். கலெக்‌ஷன் குறையும். ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து எழுதுவார்கள். இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்து, 'கொஞ்சம் தள்ளி நில்லுப்பா' என்பதோடு முடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்கிற யோக்கியதை, ஜன்னலுக்கு வெளியே பார்த்த எனக்குக் கிடையாது.

போன மாதம் திருவாலங்காடு போயிருந்தேன். கோயிலுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற கண்டக்டர். அந்தப் பக்கத்து ரூட்டிலேயே பாதி சர்வீஸ். பேச்சுவாக்கில் கேட்டேன். 'அண்ணே, உங்க சர்வீஸ்ல என்னைக்காவது வண்டியை ஸ்டேஷனுக்கு விட்டிருக்கீங்களா?'

கொஞ்ச நேரம் யோசித்தார்.

'ஒரே ஒரு தரம். ரெண்டாயிரமோ ரெண்டாயிரத்து ஒண்ணோ. காலேஜ் படிக்கிற பொண்ணு, புதுசா வர ஆரம்பிச்சிருந்துச்சு. ராத்திரி வண்டி. பின்னாடி ஒருத்தன் தொல்ல குடுத்திருக்கான். அது எந்திரிச்சு வந்து என் காதுகிட்ட சொல்லுச்சு. வேற யாருக்கும் கேக்கலை. நான் விசில் குடுத்துட்டு டிரைவர்கிட்ட, ஸ்டேஷனுக்கு விடுப்பான்னேன். வண்டில ஒரே சத்தம். என்னாய்யா, நாங்க வூட்டுக்குப் போவ வேணாமான்னு. அந்தாளு வேற, அந்தப் பொண்ணு பொய் சொல்லுதுன்றான்.'

'அப்புறம்?'

'ஸ்டேஷன் கேட்டாண்ட போனதும் அந்தப் பொண்ணு என் கையப் புடிச்சிக்கிச்சு. வேணாம்ணே, அப்பாவுக்குத் தெரிஞ்சா காலேஜ நிறுத்திடுவாருன்னு. என்னா பண்றது? அவன எறக்கி உள்ள விட்டுட்டு, குடிச்சிட்டு வண்டில தகராறு பண்ணான் சார்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். அந்தப் பொண்ணு பேர எங்கயும் சொல்லலை. கேசும் இல்ல ஒண்ணும் இல்ல. காலைல விட்டுருப்பாங்க.'

டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

'ஆனா சார், அதுக்கப்புறம் மூணு வருசமும் அந்தப் பொண்ணு என் வண்டிலதான் வந்துச்சு. முன்னாடி பஸ்சு காலியா போனாக்கூட ஏறாது. நின்னு, என் வண்டி வந்தப்புறம்தான் ஏறும்.'